காளான் ஏறின மரம்

அந்தச் சவம் மறுபடியும் முளைத்திருந்தது. போன வாரம்தான் உலகம்மாள் அரிவாள் நுனியால் அதைச் சுரண்டி எடுத்து, சுரண்டின இடத்தில் சாணியை அப்பி, சாணிக்கு மேல் செம்மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனாள். பூசின மண்ணையும் பிளந்துகொண்டு, பாதி அடையைப் பிய்த்து மரத்தில் ஒட்டவைத்த மாதிரி, தவிட்டு நிறத்தில், ஓரம் மட்டும் வெள்ளையாகக் காளான் நிற்கிறது. தொட்டால் மாட்டுத்தோல் மாதிரிக் கெட்டி. வெட்கங்கெட்ட மூதி, வளருவதற்கு உனக்கு என் மரம்தானா கிடைத்தது என்று அதனிடமே கேட்டுவிட்டு இடுப்பிலிருந்த ஓலைப்பெட்டியை இறக்கி வைத்தாள். வெள்ளென வந்து, உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பொறுக்குகிற சோலி அவளுடையது. இந்தத் தோட்டத்தில் எலுமிச்சையைப் பறிப்பது கிடையாது. மஞ்சள் ஏறித் தானாக விழவேண்டும், விழுந்ததை வெயில் ஏறுமுன் பொறுக்கவேண்டும், மார்க்கெட் வண்டியில் ஏற்றவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குனிந்தே கிடக்கிறாள். அதனால் ஒவ்வொரு மரத்தையும் அவளுக்கு அடித்தூரை வைத்துத்தான் தெரியும், தலையை வைத்து இல்லை. இந்தச் சீக்கு அவள் கண்ணில் முதலில் பட்டதும் அதனால்தான். அவருக்கு எங்கே படும்? மலையைப் பார்ப்பார், மலைமேல் மேகத்தைப் பார்ப்பார், தூரைப் பார்க்கமாட்டார். அவர் என்றால் ஆவுடையப்பன், அவளைக் கட்டினவர், தோட்டத்துக்குச் சொந்தக்காரர், இந்த மரத்தில் ஆணி அடித்தவர். ஆமாம், ஆணி. கிணற்றடியில் மோட்டார் பெட்டியை மாட்ட ஒரு கல்தூண் ஊன்ற வக்கில்லாமல், மரம் சும்மாதானே நிற்கிறது என்று விரல் நீள ஆணியாகப் பார்த்துப் பச்சைமரத்தில் இறக்கினார். பிறகு கரண்டு வயரில் கிளைவாது உரசுகிறது என்று, அடைமழைக் காலத்தில், தொடை மொத்தம் இருந்த வாதை மேலாப்பில் மட்டும் கொத்தி விட்டார். அது தன் பாரத்தில் முறிந்து, பாதி மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழுந்தது. அந்தக் காயத்தில்தான் தண்ணீர் இறங்கியது, அந்தக் காயத்தில்தான் இது குடியேறியது. செய்கிறதையெல்லாம் செய்துவிட்டு, மரத்துக்குக் கண்ணு பட்டிருக்கு உலகு, ஒரு சூடத்தைக் கொளுத்து என்று அவளிடமே சொன்னார்.

தோட்டக்கலை ஆபீஸிலிருந்து வந்த பிள்ளை கண்ணு என்கிற பேச்சையே எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து மரத்தில் குத்தினாள். வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டை இருக்கவேண்டிய இடத்தில் காப்பிப்பொடி மாதிரி உதிர்ந்தது. மேலே பார்த்தால் இலை பச்சை, பூ இருக்கிறது, பிஞ்சு இருக்கிறது, காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. எத்தனை நாளாக இப்படி வேஷம் போட்டாய் என்று உலகம்மாளுக்கு மரத்தின் மேலேயே கோபம் வந்தது. "இதுக்கு மருந்து கிடையாதும்மா. வெட்டி, தூரையும் தோண்டி எடுத்து எரிச்சிருங்க. இந்தக் காளான்ல இருந்து ஒரு தூள் பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. மத்த மரத்துல எங்க காயம் இருக்கோ அங்க போய் உக்காந்துக்கும்" என்றாள் அந்தப் பிள்ளை. எலுமிச்சை மரத்தில் எங்கேதான் காயம் இல்லை? முட்டுக்கொடுத்த கம்பு உரசின புண், காய்ந்த குச்சியை ஒடித்த புண், மாடு முதுகு சொறிந்த புண். ஆவுடையப்பன் எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினார். ஆபீஸ் பிள்ளையின் ஸ்கூட்டர் வரப்பைத் தாண்டியதும், "வயித்துப்பிள்ளக்காரி வீட்ல இருக்கா. காய்க்கிற மரத்துல கோடாலி வைக்கப்பிடாது. பெத்துப் பெழைக்கட்டும், பெறகு பாப்பம்" என்றார். பெத்துப் பெழைக்கட்டுமாம். மருமகள் முத்துச்செல்விக்கு இது ஆறாம் மாசம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்கிறான், அந்தப் பிள்ளை இங்கே இவர்களோடு கிடக்கிறது. ஆறு ஏழாகி, ஏழு பத்தாகி, பெற்று, தீட்டுக் கழிந்து இவர் கோடாலியைத் தேடுவதற்குள் ஐப்பசி மழை அடித்து ஓய்ந்திருக்கும். மழைதான் இந்தக் காளானுக்குத் தாய்ப்பால். நேற்றுவரை இந்த ஒரு மரத்தோடு போகும் என்றுதான் இருந்தாள். இன்றைக்கு வருகிற வழியில், தென்வரிசையில், நல்ல காய்ப்பு மரம் ஒன்றின் தூரில், கம்பு உரசின புண்ணில், பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. பார்த்தவள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வரிசை போனால் தோட்டம் போயிற்று. தோட்டமும் போனால் அவளிடம் மிச்சம் இந்தக் கை மட்டும்தான், அதுதான் ஏற்கெனவே பேர் வாங்கின கையாயிற்றே.

மரம் வெட்டின கை. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்லாத வாய் ஊரில் இல்லை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயசு, தலைச்சன் பிள்ளை, எட்டாம் மாசம். வாய்க்கால் கரையில் நின்ற மரத்தில் இதே எழவு காளான்தான் வந்திருந்தது. ஒரு நாள் காயோடு இருந்த வாது படாரென்று முறிந்து, கீழே களை வெட்டிக்கொண்டிருந்த ஆள்மேல் விழப் பார்த்தது. அவர் ஊரில் இல்லை, மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். இவள்தான் சொன்னாள், வெட்டிப்போடுங்கப்பா, யார் தலையிலாவது விழுந்து தொலைக்கும் என்று. சொன்னது வாய், பேர் வந்தது கைக்கு. மரம் சாய்ந்து ரெண்டு நாள் கழித்து வலி வந்தது. பிள்ளை அழவில்லை. ஆண்பிள்ளை, தலை நிறைய முடி என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்; துணியை விலக்கிக் காட்டச் சொன்னாள், காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள். மாமியார் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள், காய்ச்ச மரத்த வெட்டுனா, வயித்துல காய்ச்சதும் அந்தால விழுந்துட்டு என்று. அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சு போதும் ஒருத்தியின் ஆயுசுக்கு. பிறகு திருப்பூரில் இருக்கிற இவன் பிறந்தான், வளர்ந்தான், ஆளானான், கல்யாணமும் ஆயிற்று, அந்தப் பேச்சு மட்டும் அப்படியே நின்றது. யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் சந்தனக் கிண்ணம் அவள் பக்கம் வரும்போது பக்கத்தில் இருக்கிறவள் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள், இரிங்க மைனி, நான் தடவுதேன், உங்களுக்கு எதுக்கு செரமம் என்று சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைச் செருப்பால் அடிக்கவேண்டும். இப்போது முத்துச்செல்விக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. நேற்றுச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொல்கிறார், நீ அடுப்படியப் பாத்துக்க உலகு, வளையல் போடதுக்கு ஆள் நெறைய வருவாவ என்று. தான் பெற்ற மகனின் பெண்டாட்டிக்கு ஒரு கண்ணாடி வளையல் போட அவளுக்குக் கை இல்லை. அவள் ரசத்தை ஊற்றினாள், ஊற்றின ரசத்தை அவர் உறிஞ்சிக் குடித்தார்.

பழத்தைப் பொறுக்கினாள். ஒன்று, பிறகு ஒன்று, ஒன்று நசுங்கிக் கிடந்ததை எடுத்து வாய்க்காலில் வீசினாள். விரல் நகத்தடியில் முள் ஏறிவிட்டது, அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறும் பட்டுக் காந்தியது. காந்தட்டும். நேற்று மத்தியானம் முத்துச்செல்வி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு செல்போனைத் தடவியபடியே, அத்தை, காலையில இருந்து உள்ள அசையவே காணும், நல்லாத் தூங்குதான் போல என்று சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். உலகம்மாள் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்து, இடப்பக்கம் திரும்பிப் படு தாயி என்று சொல்லி, வயிற்றில் கையை வைக்கப்போனவள் பாதியில் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை உதைத்தது, முத்துச்செல்வி சிரித்தாள். இவள் புறவாசலுக்குப் போய்த் துணிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்தை இன்னும் தொடக்கூட இல்லை, அதற்குள்ளே இந்தப் பாடு. வெட்டினால்? வெட்டின மறுநாள் அசைவு இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னால்? மரத்துக்கும் வயிற்றுக்கும் என்னடி சம்பந்தம், மரம் தோட்டத்தில் நிற்கிறது, பிள்ளை வீட்டில் கிடக்கிறது, நடுவில் ஒரு ஓடை, ஒரு ரோடு, ஒரு ரைஸ்மில் இருக்கிறது என்று புத்தி சொல்கிறது. ரைஸ்மில் அன்றைக்கும்தான் இருந்தது என்று வேறொன்று சொல்கிறது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் இன்றைக்கு முப்பது தாண்டின ஆளாக இந்த வரப்பில் நடந்து வருவான், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னம்மா குனிஞ்சிக்கிட்டே கெடக்க, தள்ளு நான் பொறுக்குதேன் என்று. நடக்காததற்குக் குரல்கூட வைத்திருக்கிறாள். சீ, இதெல்லாம் ஒரு நினைப்பா, பைத்தியக்காரி. இது நினைப்பு இல்லை, செக்குமாடு. சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்கும். மரத்தை வெட்டாவிட்டால் தோட்டம் சாகும், வெட்டி ஏதாவது ஆனால் அவள் சாகவேண்டும். இதில் ஒன்றைப் பொறுக்கி எடு என்றால் எதை எடுப்பாள்? வாயில்லாத மரமும் பிறக்காத பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கின்றன, இழுத்துவிட்ட மனுசன் வீட்டில் இரண்டாம் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

குடித்து முடித்திருப்பார் போல. செருப்புச் சத்தம் கேட்டது, தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அந்தச் செருமலைக் கேட்டாலே இன்றைக்கு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மோட்டார் போட வந்தவர் நிறையாத ஓலைப்பெட்டியைப் பார்த்தார்.

"என்னளா, வண்டி வந்துரும், பாதிப் பெட்டிகூட நெறையல?"

"தென்வரிசையிலயும் வந்துட்டு."

"எது?"

"உங்க தலைக்குக் கிரீடம். காளான், வேற எது."

"சின்னதுன்னா சுரண்டிவிடு."

"சுரண்டிச் சுரண்டி என் நகம்தான் தேயுது. இன்னைக்கு ஆளைக் கூப்பிட்டு இத வெட்டப்போறேன்."

"பேசாம இரி. வீட்டுல ஒரு பிள்ள மாசமா இருக்கைல..."

"அந்தப் பிள்ள பேரச் சொல்லி ஒளியாதிய. என் கைக்குப் பயந்து கெடக்கியன்னு நேரடியாச் சொல்லுங்க. மொதல்ல ஒண்ணத் தின்னா, இப்பம் இதையும் தின்னுருவான்னு."

இந்த இடத்தில் வழக்கமாக அவர் எழுந்து போய்விடுவார். முப்பது வருசமாக இந்தப் பேச்சு இந்த இடத்தில்தான் முடியும். இன்றைக்கு என்ன தோன்றியதோ, பேரப்பிள்ளை வரப்போகிற இளக்கமோ, வயசோ, கிணற்று மேடையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிற மனுசனின் முகம்தான் அது.

"உன் கையில ஒரு குத்தமும் இல்லளா. அது மரத்தால போகல."

"பெறகு?"

"நர்சு ஞானரத்தினம் வந்து பாத்தாவல்லா. வெளிய வந்து எங்க ரெண்டு பேர்ட்டயும் துடிப்பு கேக்கலன்னு சொல்லிட்டாவ. தென்காசிக்குக் கொண்டு போங்கன்னாவ. எங்க அம்மைதான், கோயிலுக்கு நேர்ச்ச போட்டிருக்கேன், வெள்ளிக்கிழம கழியட்டும்னா."

"நர்சு வந்தது எப்பம்? மரம் வெட்டதுக்கு முந்தியா, பிந்தியா?"

அவர் துண்டை மடித்தார். "முந்தி."

"நீங்க எங்க இருந்திய?"

"நானும் அங்கனதான் நின்னேன். மறுநாள்தான் ஊருக்குப் போனேன். உங்கிட்டச் சொன்னா நீ தாங்கமாட்டன்னு அம்மை சொன்னா. பெறகு அவளே மரத்துமேல சொல்லிட்டா. செத்தது செத்துட்டு, மரத்த வெட்டுனதும் நெசந்தான, எதுக்கு அம்மையப் போட்டுக் குடுக்கணும்னு நானும் விட்டுட்டேன்."

உலகம்மாள் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், வைத்தாள். முந்தி. அப்படியானால் நர்சு வந்துவிட்டுப் போன அன்றைக்கு மாமியார் சீரகக்கஞ்சி வைத்துக் கொடுத்தாளே, நல்லாக் குடி என்று பக்கத்தில் நின்றாளே, அது பிள்ளை போனதற்கு முந்தி இல்லை, பிந்தி. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது பிந்தி. முற்றத்து வெயிலில் உட்கார்ந்து இவளே தன் வயிற்றைத் தடவித் தடவி, அப்பன் மாதிரி சோம்பேறியாக் கெடக்கான் பாருங்க என்று சொன்னாளே, அதுவும் பிந்தி. செத்த பிள்ளையைத் தடவிக்கொண்டு அவள் சிரித்தாள், அதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தார், அவளுக்கு நன்றாக நினைவு இருக்கிறது, பல் தெரியச் சிரித்துவிட்டுத்தான் வெளியே போனார். வெள்ளிக்கிழமை கழிவதற்குள் விஷம் ஏறி இவளும் போயிருந்தால் அதற்கும் ஒரு மரத்தைச் சொல்லியிருப்பார்கள். மாமியார் கிடக்கட்டும், செத்தவளோடு என்ன சண்டை, அவளுக்குப் படுக்கையில் பீ மூத்திரம் அள்ளியதும் இந்தக் கைதான். அவள் செத்த பிறகு? இத்தனை வருசத்தில் ஒரு நாள், ஒரு வளைகாப்பு முடிந்து வருகிற வழியில், பஸ்ஸில், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல இவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நேற்று அடுப்படியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, தெரிந்துகொண்டுதானே சொன்னார். அவள் நெஞ்சுக்குள் அந்தப் பயத்தைத் தேடிப் பார்த்தாள். மரத்தை வெட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்கிற பயம், அவளோடு தூங்கி அவளோடு எழுந்த பயம். அது இருந்த இடத்தில் இல்லை. பிசாசு மாதிரிக் கோபம் மட்டும்தான் இருந்தது, அதுவும் கத்துகிற கோபம் இல்லை, கை நடுங்காத கோபம்.

"அப்பம் இப்ப எதுக்கு வெட்டாதன்னு சொல்லுதிய? மரத்தால ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"ஊரு சொல்லும்லா. சம்பந்தகாரி வந்து என்ன பேசுவா? நாளப்பின்ன ஒண்ணுன்னா உன்னத்தான சொல்லுவாவ. உனக்காகத்தாம்ளா சொல்லுதேன்."

உனக்காகத்தாம்ளா. அவள் எழுந்தாள். மோட்டார் ரூமுக்குள் போய்க் கோடாலியை எடுத்தாள். திரும்பி வந்து மரத்திலிருந்த பெட்டியின் பியூசைப் பிடுங்கி அவர் மடியில் போட்டாள், கோடாலியை அவர் முன்னால் நீட்டினாள்.

"வெட்டுங்க."

"ஆளக் கூப்பிடுவம்ளா. சாயங்காலமா..."

"ஆளு வேண்டாம். நீங்க. இப்பம். சனம் வரப்புல போற நேரம், எல்லாரும் பாக்கட்டும். யாரு வெட்டுனான்னு கேட்டா ஆவுடையப்பன்னு சொல்லட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்னத்தைக் கண்டாரோ, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார். பெட்டியை முதலில் ஆணியோடு பெயர்த்து எடுத்துக் கீழே வைக்கவேண்டியிருந்தது. ஆணி வந்த ஓட்டையிலிருந்து ஈரப்பொடி கொட்டியது. முதல் வெட்டு பட்டையைப் பிளந்தது, இரண்டாவது வெட்டு சத்தமே இல்லாமல் உள்ளே புதைந்தது, கோடாலியை ஆட்டி ஆட்டித்தான் உருவவேண்டியிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மேலேயிருந்து பழமும் பிஞ்சும் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தன. கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. உலகம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வரப்பில் களையெடுக்கப் போகிற பொம்பளைகள் நாலைந்து பேர் வந்தார்கள், தூக்குவாளியும் கையுமாக. கோடாலிச் சத்தத்துக்கு நின்றார்கள். நின்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்.

"என்ன மைனி" என்றாள் முன்னால் வந்தவள், "மருமவ மாசமா இருக்கா, பச்ச மரத்த வெட்டச் சொல்லிட்டு நிக்கிய? மொதத்தடவ பட்டது போதாதா?"

ஆவுடையப்பன் கோடாலியை நிறுத்தினார். அவரும் உலகம்மாளைத்தான் பார்த்தார், நீயே ஏதாவது சொல்லி அனுப்பு என்கிற மாதிரி. எப்போதும் அவள்தான் சொல்லுவாள், ஏதோ என் நேரம் என்றோ, எல்லாம் விதி என்றோ. இன்றைக்கு அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்பளைகளும் நின்றார்கள். அவர் நெற்றி வேர்வையை வழித்தார், மரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் தரையைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பிள்ள மரத்தால சாகல" என்று முனங்கினார்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் வரப்பில் நின்றவள்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் உலகம்மாள்.